கூட்டம் மாறினால் பேச்சும் மாற வேண்டுமா? கடலூர், புதுவை மேடைகளுக்கான கேள்வி பதில்

பள்ளி ஆண்டு விழா, கிராம சபை, குடியிருப்போர் சங்கம், தொண்டு அமைப்பு என்று எங்காவது பேச அழைப்பு வந்தவர்கள், எழுதிய பேச்சை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். பெரும்பாலும் எழுத்து நன்றாகவே இருக்கும். யார் முன்னால் நின்று பேசப் போகிறார்கள் என்பது மட்டும் அதைப் படித்தால் தெரியாது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பல இடங்களில் புயல் முன்னெச்சரிக்கை பற்றிய ஒரே பேச்சை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடற்கரையில் அந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. புயலைப் பற்றிச் சொல்லச் சொந்தக் கதை இல்லாதவரும் இல்லை.

இடத்துக்கு இடம் மாற்றிப் பேசினால் அது இரட்டை நாக்கு ஆகாதா?

எதை மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. படகு உரிமையாளர்களிடம் "உங்களுக்கு வர வேண்டிய நிவாரணம் குறைவு" என்று சொல்லிவிட்டு, அதே வாரம் அதிகாரிகள் கூட்டத்தில் "இவங்க கொஞ்சம் கூட்டித்தான் கேட்கிறாங்க" என்று சிரித்தால், அது இரட்டை நாக்குதான். இப்போதெல்லாம் அது மறைந்தும் போகாது. முன்வரிசையில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார். சாயங்காலத்துக்குள் நீங்கள் பேசியது, நீங்கள் யாரைப் பற்றிப் பேசினீர்களோ அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விடும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இங்கே சொன்னதை அங்கே இருப்பவர்கள் கேட்டால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நிற்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக மாற்றுங்கள்.

அப்படியென்றால் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

நடந்த உண்மையையும் உங்கள் நிலைப்பாட்டையும் தொடாதீர்கள். உதாரணம், சொல்லும் வரிசை, அளவைகள், நீளம், வேகம், கடைசியில் கேட்பவரிடம் வைக்கும் வேண்டுகோள் எல்லாமே மாறலாம். மாறத்தான் வேண்டும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கே பேசினாலும் இது இதேதான். ஆனால் தானே என்றதும் தேவனாம்பட்டினத்தில் ஒருவருக்குப் படகு நினைவுக்கு வரும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் வேரோடு சாய்ந்த முந்திரித் தோப்பும் பலா மரமும் நினைவுக்கு வரும். மஞ்சக்குப்பத்தில் விழுந்து கிடந்த மின்கம்பங்களும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத வீடும் நினைவுக்கு வரும். அதை வருவாய்த்துறையில் கோப்பாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

பேச்சின் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். "எச்சரிக்கை வந்த முதல் நாளே வேலையைத் தொடங்குங்கள், கடைசி இரவுக்கு வைக்காதீர்கள்" என்று வைத்துக்கொள்வோம். இது மாறாது. அந்த முதல் நாள் வேலை என்ன என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறு. மீனவருக்குப் படகை மேட்டுக்கு ஏற்றி, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது. பலா வைத்திருப்பவருக்குப் பாரமான கிளைகளைக் கழிப்பது. நகரத்துக் குடித்தனத்துக்குத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைப்பது, மாத்திரை வாங்கி வைப்பது, செல்போனுக்குச் சார்ஜ் போடுவது. மீனவரிடம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுபவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் படகைப் பற்றி எப்போது பேசுவார் என்று கூட்டம் காத்துக்கொண்டிருக்கும்.

கூட்டத்தைப் பற்றி முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

ஏற்பாட்டாளரிடம் "யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டால், "எல்லாருமே வருவாங்க சார், நம்ம ஆளுங்கதான்" என்பார். அது பதில் இல்லை. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எனக்கு முன்னால் யார் பேசுகிறார்? எனக்குப் பின்னால் என்ன, சாப்பாடா, பரிசளிப்பா, பிள்ளைகளின் நடனமா? உட்காருவது தரையிலா, நாற்காலியிலா? பெண்கள் கூட்டத்தில் இருப்பார்களா, திண்ணையோரமாக நின்று கேட்பார்களா? போன முறை யார் வந்து பேசினார்? இந்த மாதத்தில் ஊரில் சாவு, தகராறு ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்வி சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் கேளுங்கள். நேற்றுத்தான் காரியம் முடிந்த தெருவில் போய்க் கைதட்டல் வாங்கப் பார்ப்பதைவிடப் பெரிய சங்கடம் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. மைக் செட் போடுபவரிடம் பேசுங்கள். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், பள்ளி விழா என்று அந்த வட்டாரத்தின் எல்லாக் கூட்டத்தையும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர் அவர். எந்த ஊரில் ஏழரை மணிக்குக் கூட்டம் எழுந்து போகும், எந்த ஊரில் பத்து மணிக்கும் உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்த ஏற்பாட்டாளரைவிடவும் நான் நம்புவது அவரைத்தான்.

மீனவர் கிராமத்தில் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நேரம். விடியற்காலையில் கடலுக்குப் போய்த் திரும்பி, மீன் ஏலம் முடித்து, வலையைச் சரிபார்த்துவிட்டுச் சற்றுக் கண்ணயரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். இந்தக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாள்களில் ஆள்கள் கிடைப்பார்கள், பொறுமையும் இருக்கும். புயல் வருவது அக்டோபருக்கு மேல்தான் என்றாலும், அதைப் பற்றி நிதானமாகப் பேசத் தோதான காலம் இதுவே.

அடுத்தது மரியாதை. ஊர்ப் பஞ்சாயத்தாரையும் நாட்டார்களையும் முதலில் விளித்துவிடுங்கள். அவர்கள் சம்மதித்துத்தான் கூட்டமே நடக்கிறது.

மூன்றாவது, கடலைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்காதீர்கள். காற்று வாடையா கொண்டலா என்று முகத்தில் பட்டதும் சொல்லிவிடுவார்கள். ஆழத்தைப் பாகத்தில் கணக்கிடுவார்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்கள் அவர்களுக்குப் பழக்கம். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. நகரத்தில் "ரெட் அலர்ட்" என்றால் போதும், கூண்டு எண் சொன்னால் விழிப்பார்கள். இங்கே கூண்டு எண்ணில் பேசுங்கள்.

அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று: 2004 டிசம்பர் 26. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அன்று பிள்ளையை இழந்தவர் இருப்பார். "கடலன்னை சீறிப் பாய்ந்தாள்" என்பது மாதிரியான அலங்காரத்தை வெளியூர் மேடையில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே "சுனாமி வந்த அன்னிக்கு" என்று சொல்லி, நின்று, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

முந்திரி, பலா விவசாயிகளிடம்?

மரம் வைத்திருப்பவர் ஆண்டுக்கணக்கில் யோசிப்பவர். நெல் போனால் அடுத்த பட்டம் இருக்கிறது. முந்திரி ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்பைப் பார்க்க மூன்று ஆண்டாவது ஆகும், பலாவுக்கு அதற்கும் மேல். ஆகவே "இழப்பு இத்தனை ரூபாய்" என்று தொடங்குவதைவிட, "மறுபடி காய்க்க எத்தனை வருஷம்" என்று தொடங்கினால் உங்கள் பேச்சு அவர் கணக்கோடு ஒட்டும்.

அளவையை மறக்காதீர்கள். கடலூர்ப் பக்கம் காணி, ஏக்கர், சென்ட் என்பார்கள். எல்லையைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால் குழி என்பார்கள். அரசுக் கோப்பில் ஹெக்டேர். உங்கள் குறிப்பில் ஹெக்டேர் இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். மேடையில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தால் அதற்குள் பின்வரிசையில் ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிடுவார், அப்புறம் பேச்சு அவருடையது.

முந்திரி உடைக்கும் கொட்டகையில் பெண்களிடம் பேச நேர்ந்தால் அது வேறு கணக்கு. கூலி உடைக்கிற அளவுக்குத்தான். அதனால் உங்களுக்காக யாரும் கையை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தச் சொல்லவும் கூடாது. தட்டுகிற சத்தம் ஓயாது. தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகிவிடும் என்பதால் கண் கொட்டை மேலேயே இருக்கும், உங்கள் முகத்தில் இருக்காது. சைகை, படம், திரை எதுவும் உதவாது. சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் ஒரு கேள்வி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு விசாரிப்பு என்று போங்கள். அங்கே உரை என்பதே கிடையாது, பேச்சுவார்த்தைதான். நன்றாகப் பேசுபவர் என்று பெயர் எடுத்தவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

பள்ளிப் பிள்ளைகளிடம்?

ஒரே ஒரு விஷயம், ஒரே ஒரு கதை, ஒரே ஒரு வேலை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்க ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள்: "நம்ம ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எங்கம்மா இருக்கு, தண்ணி வந்தா நனையாதா?" இந்தக் கேள்வி பிள்ளை மூலமாகப் போனால் அன்று இரவே அந்தக் காகிதங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்க வைத்துப் பேசுகிறீர்கள் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அதிகாரிகள் கூட்டத்தில்?

முடிவை முதலில் சொல்லுங்கள். கிராமத்தில் கதை சொல்லிக் கருத்துக்கு வரலாம். ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் நீங்கள் கதையில் இருக்கும்போதே அவருக்கு ஒரு தொலைபேசி வரும், எழுந்து போய்விடுவார். "மூன்று கோரிக்கைகள், முதலாவது இது" என்று தொடங்குங்கள். எண், தேதி, ஊரின் பெயர் மூன்றும் சரியாக இருக்கட்டும். ஒரு பக்கத் தாள் கையில் கொடுங்கள். உணர்ச்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு வாக்கியத்துக்கு இடம் உண்டு.

கடலூரில் பேசிய பேச்சைப் புதுச்சேரியில் அப்படியே பேசலாமா? பக்கத்து ஊர்தானே?

பக்கத்து ஊர்தான். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. மொழியும் ஒன்று, பாதிப் பேருக்குச் சொந்தபந்தமும் இரண்டு பக்கமும் உண்டு. அதனால்தான் சறுக்குகிறது. வெளிநாட்டில் பேசப் போனால் விசாரித்துவிட்டுப் போவோம், இருபது கிலோமீட்டருக்கு யார் விசாரிக்கிறார்கள்?

சுதந்திர தினப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். "1947-இல் இந்த மண் விடுதலை பெற்றது" என்று கடலூரில் சொல்லலாம். புதுச்சேரியில் சொன்னால் வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அங்கே அப்போது பிரெஞ்சு ஆட்சி. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முடிந்தது. அதனால் அங்கே ஆகஸ்ட் 15-க்கு மறுநாளும் ஒரு கொடியேற்றம் உண்டு. நவம்பர் 1 என்றால் கடலூர் மாவட்டக் கிராமத்தில் உள்ளாட்சி தினக் கிராம சபை. எல்லைக்கு அந்தப் பக்கம் விடுதலை நாள். ஒரே தேதியில் இரண்டு ஊரிலும் பேசுகிறவர், காலையில் பேசிய தாளை மாலையில் எடுக்கக் கூடாது.

மே தினப் பேச்சும் அப்படியே. எல்லாரும் சிகாகோவில் தொடங்குவார்கள். முதலியார்பேட்டையில் பேசினால் அத்தனை தூரம் போக வேண்டாம். எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். கேட்பவர்களில் ஆலைக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே தொடங்கி, நேரம் இருந்தால் சிகாகோவுக்குப் போங்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. விழா தொடக்கத்தில் கடலூரில் பாடுவது மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து. புதுச்சேரியில் பாடுவது பாரதிதாசனுடையது. "சற்று முன் பாடினோமே" என்று முதல் வரியை எடுத்துப் பேச்சைத் தொடங்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க. கடலூரில் மின்வாரியம் என்பது அங்கே மின்துறை. இங்கே ஊராட்சி ஒன்றியம், அங்கே கொம்யூன் பஞ்சாயத்து. "மாவட்ட நிர்வாகத்தை வலியுறுத்துவோம்" என்று முடிக்கும் பேச்சு, முதலமைச்சரும் அமைச்சர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் பொருந்தாது. அரசுப் பள்ளிகள் அங்கே சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன; "உங்க தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க" என்றால் பிள்ளைகள் முழிப்பார்கள்.

புயல் பேச்சுக்கு வருவோம். பண்ருட்டியில் புயல் என்றால் தானேயின் காற்று. புதுச்சேரி நகரத்தில் இன்று புயல் என்றால் ஃபெஞ்சலின் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ரெயின்போ நகரில் போய்க் காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் உறைக்காது. வீட்டுக்குள் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அவர்களே சொல்வார்கள், அதிலிருந்து தொடங்குங்கள். அந்த 48 சென்டிமீட்டரையும் அப்படியே சொல்லாமல், "ஒரே நாளில் ஒன்றரை அடிக்கு மேல் மழை" என்று சொல்லிப் பாருங்கள்.

மேடைத் தமிழா, பேச்சுத் தமிழா?

தொடக்கத்தில் மேடைத் தமிழ், நடுவில் பேச்சுத் தமிழ், முடிவில் மறுபடி மேடைத் தமிழ் என்று ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கெட்ட வழக்கம் இல்லை. புதுச்சேரி கம்பன் கலையரங்கத்தில் இலக்கியக் கூட்டம் என்றால் வந்திருப்பவர்கள் செந்தமிழைக் கேட்கவே வந்தவர்கள். அங்கே போய் "வந்துகிட்டு, போய்க்கிட்டு" என்றால் ஏமாந்து போவார்கள். வில்லியனூரில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் "ஈண்டு குழுமியிருக்கும்" என்று தொடங்கினால் சிரிப்பை அடக்குவார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். மீனவர் ஊரில் மீனவர் போல, சேரியில் அந்தத் தெரு இளைஞர் போல உச்சரித்துக் காட்டுவது. உங்களுடைய இயல்பான பேச்சுத் தமிழ் எதுவோ அதிலேயே பேசுங்கள். அவர்கள் வழக்கை நீங்கள் நடித்தால் நெருக்கம் வராது, கேலி செய்கிறாரோ என்ற சந்தேகம்தான் வரும்.

விளிப்பு எவ்வளவு நேரம் இருக்கலாம்?

ஒரு நிமிடம். மேடையில் இருக்கும் பதினைந்து பேரையும் பட்டத்தோடு விளிப்பதால் கூட்டத்துக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் விட்டுவிட்டால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார், அதுவும் உண்மை. தலைவர், அழைத்தவர், ஊர்ப் பெரியவர் மூவரையும் பெயர் சொல்லி, மற்றவர்களை "மேடையிலும் எதிரிலும் இருக்கும் அனைவருக்கும்" என்று சேர்த்துவிடுங்கள். விடுபட்டவர்களில் மனம் நோகக் கூடியவர் யார் என்று தெரிந்தால், பேச்சின் நடுவில் அவர் செய்த வேலை ஒன்றைப் பெயரோடு குறிப்பிடுங்கள். விளிப்பில் வருவதைவிட அது அவருக்குப் பெரிய மரியாதை.

கூட்டம் கலவையாக இருந்தால் யாருக்காகப் பேசுவது?

பெரும்பாலான கூட்டம் கலவைதான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு திருமண மண்டபக் கூட்டம் என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவி, அழுகிற குழந்தையோடு ஒரு தாய் எல்லாரும் இருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் ஒட்டாது. எனக்குப் பிடித்த வழி, வெளியே போய் ஏதாவது செய்யக் கூடியவர் யார் என்று பார்த்து, அவருக்காகப் பேசுவது. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு உதாரணம் போதும். பேசும்போது பார்வையை ஒரே பக்கம் வைத்துவிடாதீர்கள். நம் ஊரில் பேச்சாளர்கள் ஆண்கள் பக்கத்தையே பார்த்துப் பேசி முடித்துவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது.

எல்லா இடத்திலும் குறள் சொல்லலாமா?

சொல்லலாம், ஒன்று. பொருள் சொல்ல நேரமில்லை என்றால் அதுவும் வேண்டாம். தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சுப் போட்டியில் நடுவர்கள் மேற்கோளை எதிர்பார்ப்பார்கள், அங்கே கூடுதலாகச் சேர்க்கலாம். வடலூர்ப் பக்கம் வள்ளலார், புதுச்சேரியில் பாவேந்தர் என்று ஊரின் உரிமையுள்ள பெயரைச் சொன்னால் கூட்டம் நிமிரும் என்பதும் சரி. ஆனால் வடலூரில் இருப்பவர்கள் வள்ளலாரை அன்றாடம் ஓதுகிறவர்கள். ஒரு சீர் தவறினாலும் பிடித்துவிடுவார்கள். முழுசாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

நகைச்சுவை?

உங்களைப் பற்றிச் சொன்னால் எந்த ஊரிலும் செல்லும். மாமியார் மருமகள், மனைவிக்குப் பயந்த கணவன், சாதி, நிறம் எதுவும் வேண்டாம். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கிய துணுக்கைச் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், சபை எப்படி உறையும் என்று தெரியும்.

இருபது நிமிடம் என்று அழைத்துவிட்டு, மேடையில் ஐந்து நிமிடம் என்கிறார்கள். என்ன செய்வது?

வேகமாகப் பேசி இருபதையும் ஐந்துக்குள் அடைக்காதீர்கள். வீட்டிலேயே மூன்று அளவில் தயார் செய்யுங்கள்: ஒரு வாக்கியம், ஐந்து நிமிடம், முழுப் பேச்சு. ஐந்து நிமிடத்தில் ஒரு உதாரணமும் ஒரு வேண்டுகோளும் மட்டும். நேரம் தெரிய, கடிகாரத்தைப் பார்ப்பதைவிட ஒரு முறை செல்போனில் பதிவு செய்து கேட்டுவிடுங்கள். மனசுக்குள் படித்துப் பார்த்த நேரத்தைவிட வாய்விட்டுப் பேசும் நேரம் எப்போதும் கூடுதல்.

உங்களுக்குப் பின்னால் சாப்பாடு என்றால், ஏற்பாட்டாளர் எவ்வளவு கெஞ்சினாலும் ஐந்து நிமிடப் பேச்சைத்தான் எடுக்க வேண்டும். பிரியாணி வாசனை வந்த பிறகு யார் பேச்சும் எடுபடாது.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. எப்படி?

புதுச்சேரியில் இது அடிக்கடி வரும். வங்காளி, ஒடியா, பிரெஞ்சுக்காரர்கள் என்று கலந்த சபை, அல்லது ஆங்கிலத்தில் மட்டும் கேட்கக் கூடியவர்கள். முதலில், நேரம் பாதியாகிவிடும், பேச்சைப் பாதியாக்குங்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். அடுக்குமொழி, எதுகை, மோனை எல்லாம் அடுத்த மொழியில் செத்துப் பிறக்கும். அவற்றை எடுத்துவிட்டு எண்ணையும் நிகழ்ச்சியையும் வையுங்கள். யாரும் கேட்காத பழமொழியை மேடையில் திடீரென்று எடுத்து வீசி, பாவம் மொழிபெயர்ப்பவரைத் திண்டாட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சின் நகலை அரை மணி முன்னால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மேடை ஏறினாலே கை நடுங்குகிறது. எந்தக் கூட்டமாக இருந்தாலும் இதுதான்.

திருக்குறளில் அவையறிதல் 72-ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அந்த வரிசையை நான் அப்படியே நடைமுறையாக எடுத்துக்கொள்கிறேன். எதிரில் இருப்பவர்கள் யார் என்று தெரியாதபோது பயம் பெரிதாக இருக்கும். அரை மணி முன்னால் போங்கள். வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர்கள், முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்ட பாட்டி என்று நான்கைந்து பேரிடம் பேசுங்கள். "உங்க வீட்டுல தண்ணி வந்துச்சாம்மா?" என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். மேடையில் அதையே முதல் உதாரணமாக வையுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு. முதல் இரண்டு நிமிடம் அந்த முகத்தைப் பார்த்துப் பேசினால் நடுக்கம் தணியும்.

ஏஐ-யிடம் சொல்லி எழுதி வாங்கலாமா?

வாங்கிப் பாருங்கள். வரிசைப்படுத்த உதவும். ஆனால் அதற்கு உங்கள் கூட்டத்தைத் தெரியாது. மேலே சொன்ன விசாரிப்பை நீங்கள் செய்து கொடுத்தால்தான் உண்டு. தேதி, பெயர், மேற்கோள் மூன்றையும் நீங்களே சரிபாருங்கள். திருவள்ளுவர் எழுதாத குறளையும் அது துணிந்து சொல்லும்.

பேச்சு எடுபட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கைதட்டலை நம்பாதீர்கள், நீளமான பேச்சு முடிந்த நிம்மதிக்கும் தட்டுவார்கள். கூட்டம் கலைந்த பிறகு உடனே கிளம்பாமல் டீ குடிக்கும் இடத்தில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். "நல்லா பேசினீங்க சார்" என்று வருகிறவரைவிட, "எஞ்சினைக் கழட்டி வைக்கச் சொன்னீங்க, சரி, வாடகை எஞ்சினா இருந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டு வருகிறவர் முக்கியம். அவர் கேட்ட கேள்வியை அங்கேயே தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த குப்பத்தில் பேசும்போது, கேட்பதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடலாம்.